காலுக்கு நான்கு அங்குலம்

குஷன் வேலை செய்கிறவனிடம் யாரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. கிழிந்து போச்சு, அமுங்கிப் போச்சு, பூனை பிறாண்டிவிட்டது, குழந்தை ஈரம் பண்ணிவிட்டது, காலையிலிருந்து சாயங்காலம் வரை என் காதில் விழுவது இதுதான். அதனால் அன்றைக்கு என் அக்கா புருஷன் வாயெல்லாம் பல்லாகக் கடைக்குள் நுழைந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, வாங்க மாமா, உட்காருங்க என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

மாமா டிரைவர். இருபத்தேழு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே காருக்கு டிரைவர். பெயிண்ட் கம்பெனி முதலாளியின் வீடு அது. கார் மாமாவைவிட நாலைந்து வயது மூத்தது. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, முன்னால் இரண்டு பெரிய விளக்குகள். தெருவில் போனால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். மாமாவும் அக்காவும் குடியிருப்பதும் அந்த கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிற இரண்டு அறையில்தான். பெரிய முதலாளி போன வருஷம் கண்ணை மூடிவிட்டார். இப்போது எல்லாம் அவர் மகன், சின்னவர். நாற்பத்திரண்டு வயதுக்காரரை இன்னும் சின்னவர் என்றுதான் மாமா சொல்வார், அவர் ஆறடி நாலங்குல உயரம் இருந்தும்கூட. மாமா ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு.

சின்னவருக்குக் காரில் கால் வைக்க இடம் போதவில்லையாம், சீட்டை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாராம். வெளியாள் எதற்கு சார், என் மச்சினனே அந்தத் தொழில்தான் என்று மாமா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாராம். பின் சீட்டைத்தான் சொல்கிறார், அப்பா மாதிரியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போக ஆசை வந்துவிட்டது, இனிமேல் தினம் வண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று மாமாவாகவே ஒரு கணக்குப் போட்டுக் குஷியாக இருந்தார். பெரிய முதலாளி போனதிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. அந்தக் கவலை எங்கள் எல்லோருக்குமே இருந்தது.

மறுநாள் காலை டேப்பும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் கதவைத் திறந்து வைத்து, வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார் மாமா. பின் கதவையும் எனக்காகத் திறந்து வைத்திருந்தார். சின்னவர் வந்தார், திறந்திருந்த பின் கதவைச் சாத்தினார், முன் கதவைத் திறந்தார்.

"இங்கதாங்க பிரச்சனை" என்று டிரைவர் சீட்டைத் தட்டினார்.

அவர் உள்ளே ஏறியதை நான் சொல்லியாக வேண்டும். முதலில் இடுப்பு போனது. பிறகு தலையைக் குனிந்து நுழைத்தார். ஒரு கால் தானாகப் போனது, இன்னொரு காலைக் கையால் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றன. ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பினார், கை முழங்காலில் இடித்து நின்றுவிட்டது. பிரேக்குக்குக் காலை மாற்றப் பார்த்தார், தொடை ஸ்டியரிங்கில் சிக்கியது. பாருங்க என்று சிரித்தார். சிரிப்பு வந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிக்கத் தைரியமில்லை.

விஷயம் இதுதான். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு வரிசையாகப் புறப்பட்டு ஊரைச் சுற்றி வருவார்கள். அவரவர் காரை அவரவரே ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். டிரைவரை ஓட்டவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்தால் அந்த வருஷம் முழுக்கக் கேலி. சின்னவருக்கு அந்த வரிசையில் அப்பா காரோடு போக வேண்டும் என்று ஒரு ஆசை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே சுவரில் கோடு போட்டு, ஸ்கேல் வைத்து அளந்தே பார்த்திருக்கிறார். நாலங்குலம் கிடைத்தால் போதும், கால் தாராளமாக இருக்கும் என்றார்.

மாமாவின் முகத்தில் இருந்த பல்லெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "அந்தக் காலத்து வண்டி சார். அந்தக் காலத்து ஆளுங்க அளவுக்குப் பண்ணது. சீட்டு நகராது" என்றார். இந்த வாக்கியத்தை அவர் ஏற்கனவே நூறு தடவை சொல்லியிருக்கிறார் என்பது கேட்டபோதே தெரிந்தது.

சின்னவர் என் பக்கம் திரும்பி, உங்களால் முடியுமா என்றார். பண்ணிடலாம் சார் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். பழக்கம், வேறென்ன. என் தொழிலில் முடியாது என்று சொன்னால் வாடிக்கையாளர் எதிர்ச் சாரிக் கடைக்குப் போய்விடுவார். அதனால் கேள்வி முடிவதற்குள் பண்ணிடலாம் என்று வாய் சொல்லிவிடும், புத்தி பின்னாலிருந்து ஓடி வரும். அன்றைக்குப் புத்தி ஓடி வந்து சேர்ந்தபோது சின்னவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்.

மாடியில் அக்கா காபி போட்டு வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரை என் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். அவரே ஓட்டிக்கொண்டால் உங்கள் மாமா எதற்கு என்று கேட்டாள். மாமாவுக்கு அறுபத்தொரு வயது. ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மருந்துவிட்டுச் சமாளிக்கிறார். இந்த வீட்டில் போனால் வேறு எந்த வீட்டிலும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வேலை போனால் இந்த இரண்டு அறையும் போகும். அக்கா ஜன்னலோரத்திலும் கீழே பாதையோரத்திலும் வரிசையாகத் தகர டப்பாக்களில் செடி வைத்திருக்கிறாள், அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

"உன் கையாலயே எங்களைத் தெருவுல நிறுத்தப் போறியா?" என்றாள்.

நான் மாட்டேன் என்று போய்ச் சொல்கிறேன் என்றேன். மாமாதான் தடுத்தார். நீ மாட்டேன் என்றால் இன்னொருத்தன் வருவான், வேண்டாம், நீயே செய் என்றார். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார், அக்கா இருந்ததால் விழுங்கிவிட்டார். அவர் விழுங்கியது என்ன என்று மறுநாள் சீட்டைக் கழற்றியபோது தெரிந்தது.

அந்தக் காரின் முன் சீட் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பெஞ்சு. அசல் தோல். அதைத் தொட பெரிய முதலாளி யாரையும் விட்டதில்லை, அதனால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் மெத்தையைத் தூக்கி வெளியே வைத்தேன். ஸ்பிரிங் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கீழே கம்பளத்தை உரித்தேன். சீட்டின் இரண்டு கால்களும் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தன. சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, பல் பல்லாக வெட்டிய தடம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதற்கான சட்டம் அது. நகராத சீட்டுக்கு எதற்கு நகருகிற சட்டம் என்று டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு காலுக்கும் பின்னால் இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. தரையோடு போல்ட் போட்டு முடுக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. சீட்டை விடுவிக்கிற லிவருக்குக் கைப்பிடி இல்லை, யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

கட்டையில் டேப்பை வைத்தேன். சரியாக நாலங்குலம்.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா ஷெட் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கால் எட்டலடா மாப்ள" என்றார். "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். எந்த வண்டியா இருந்தாலும் ஓட்டுவேன்னு பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். ஏறி உக்காந்தா கிளட்சு எட்டல. தலகாணி வெச்சுப் பார்த்தேன், நழுவுது. அப்பதான் உங்க அக்காவுக்கு ரெண்டாவது தடவ கலைஞ்சிருந்துச்சு. வேலை இல்லாம வீட்டுக்குப் போக முடியாதுடா."

அன்றைக்குச் சாயங்காலமே பெயிண்ட் டப்பா வந்த பெட்டியிலிருந்து கட்டையை அறுத்து வைத்திருக்கிறார். சம்பளம் வாங்கியதும் உயரமான செருப்பு ஒன்று தைத்துக்கொண்டு, கட்டையை எடுத்துவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் மறு வாரமே பின்னால் உட்கார்ந்த பெரிய முதலாளி, நீ வந்ததிலிருந்து எனக்குக் கால் நீட்ட நல்ல இடம் கிடைக்கிறது, நீ ராசியான ஆள் என்றாராம். முன் சீட் முன்னால் போனால் பின்னால் இடம் கூடத்தானே செய்யும். அவருக்கு மூட்டுவலி வேறு. ராசியான ஆள் என்று பெயர் வாங்கிய பிறகு எந்த மனுஷன் கட்டையை எடுப்பான்? லிவரின் கைப்பிடியை அறுத்து எறிந்துவிட்டு, சீட்டு நகராது என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அதுவே அந்த வீட்டில் சத்தியமாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் வேலையை, மெத்தையைக் கூடத் தொடாமல் நாலு போல்ட்டைக் கழற்றினால் முடிகிற வேலையை வைத்துக்கொண்டு என்னை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று கத்தினேன். பின் சீட் என்று நினைத்துத்தானே கூட்டி வந்தேன் என்றார். அவர் நினைத்தது அவருக்கு, நான் மாட்டிக்கொண்டது எனக்கு. அறுபத்தொரு வயது மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் நிற்கிறார். அதற்கு மேல் கத்த எனக்கு வாய் வரவில்லை.

கட்டையை அப்படியே விட்டு, கம்பளத்தை மேலே ஒட்டினேன்.

ஆனால் ஒன்றுமே செய்யாமலும் விட முடியாது. பண்ணிடலாம் என்று சொன்னவன் நான். இரண்டு அங்குலமாவது கிடைத்தால் சின்னவர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார், வண்டியையும் ஓட்ட முடியாது என்று ஒரு மானங்கெட்ட கணக்குப் போட்டேன். முதுகுப் பக்க மெத்தையைப் பிரித்து நாரை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பாஞ்சு வைத்தேன். உட்காரும் மெத்தையின் முன் விளிம்பைச் சீவி இறக்கினேன். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் எனக்கு இரண்டு முதலாளிகள். சின்னவர் காலையில் வந்து, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா பாருங்க என்பார். அவர் போனதும் மாமா வந்து, போதும்டா, இதுக்கு மேல சீவாதே என்பார். ஒருத்தருக்காக அரை அங்குலம் எடுப்பேன், இன்னொருத்தருக்காகக் கால் அங்குலம் திரும்ப வைப்பேன். இருபது வருஷத்தில் இப்படி ஒரு பிழைப்பு நான் பிழைத்ததில்லை.

நாலாவது நாள் சின்னவர் ஏறிப் பார்த்தார். இந்தத் தடவை காலைக் கையால் தூக்க வேண்டியிருக்கவில்லை. முகம் மலர்ந்தது. வண்டியை எடுத்து, வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இருக்கிற பாதையில் மெதுவாக விட்டார். மாமா பக்கத்திலேயே நடந்தார். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முழங்கால் தடுத்தது, பிரேக்குக்குக் காலை மாற்றுவதற்குள் முன் சக்கரம் அக்காவின் செடி டப்பா ஒன்றை ஏறி நசுக்கிவிட்டது. சின்னவர் வண்டியை நிறுத்தினார். தெருவாக இருந்தால் ஒரு ஆள் போயிருப்பான் என்றார்.

இறங்கி என்னிடம் வந்தார். "இவ்வளவுதானா? இன்னும் ரெண்டே அங்குலம். வேற வழியே இல்லையா?"

"இல்ல சார்" என்றேன். "சீட்டு தரையோட சேர்ந்தது. நகராது."

நாளைக்குத் தருகிறேன், நல்ல தோல்தான், சாயம் போகாது என்று தினம் பத்துப் பொய் சொல்கிறவன்தான் நான். அதெல்லாம் வியாபாரம். இது என் வேலையைப் பற்றியே நான் சொன்ன பொய், கண்ணைப் பார்த்துக் கேட்டவரிடம் கண்ணைப் பார்த்துச் சொன்னது. அவர் நம்பிவிட்டார். நம்பாமல் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள், நன்றி என்று கைகொடுத்தார் புண்ணியவான்.

மாமா என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டு நாள் கழித்து சின்னவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஆபீஸ் அறையில் உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை, அதனால் நானும் நின்றேன். வண்டியை விற்றுவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். ஓட்ட முடியாத வண்டியை வைத்துக்கொண்டு தினம் ஷெட்டில் பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லையாம். ஷெட்டை இடித்துவிட்டுக் கம்பெனிக்கு ஒரு குடோன் கட்டலாம் என்று வீட்டிலும் சொல்கிறார்களாம். அடுத்த மாசக் கடைசி வரை மாடியில் இருங்கள், அவசரமே இல்லை என்றார் மாமாவிடம்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எனக்கு மட்டும் ஓட்ட முடிஞ்சிருந்தா வித்திருக்கவே மாட்டேன்" என்றார். "மாசத்துல ஒரு ஞாயிறு நான் ஓட்டுவேன், மத்தபடி வண்டி உங்க பொறுப்புலயே இருக்கட்டும்னுதான் நினைச்சிருந்தேன். அதுக்கு எப்ப என்ன வேணும்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? எனக்கு பானட்டைக்கூட ஒழுங்காத் திறக்கத் தெரியாது."

மாமாவைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லலாமா? சார், ஒரு கட்டை இருக்கிறது என்று சொல்லலாம். யார் வைத்தது என்று கேட்பார். நேற்றுத்தான் கண்ணில் பட்டது என்று நான் ஒரு பொய் சொல்லலாம். சீட்டு நகராது என்று இத்தனை வருஷம் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவாக. சரிங்க சார் என்றார் மாமா. நானும் சரிங்க சார் என்றேன்.

மாடிக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கட்டை விஷயம் அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தேழு வருஷம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். கல்லுளிமங்கன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு, போய் உண்மையைச் சொல்லிடுங்க என்றாள்.

மாமா முடியாது என்று தலையை ஆட்டினார். "பதினெட்டு வயசுல அவரு முதல் தடவ அந்த சீட்டுல ஏறினாரு. முழங்கால் இடிச்சு இறங்கிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க ரொம்ப வளர்ந்துட்டீங்க தம்பின்னு சொல்லிச் சிரிச்சேன். அன்னிக்கு அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதை நான் பார்த்தேன். இப்ப போய் எப்படிச் சொல்லுவேன்?"

"அவமானத்துல ரெண்டு நாள் சோறு இறங்காது. மூணாம் நாள் இறங்கும்" என்றாள் அக்கா. "அவரு திட்டுவாரு, திட்டிட்டுப் போகட்டும். வண்டியாவது இருக்கும்ல."

கடைசியில் மாமா சரி என்றார். நாளைக் காலையில் நீயும் வா மாப்ள, தனியாக என்னால் முடியாது என்றார். வருகிறேன் என்றேன். அன்று கடைக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்தபோது பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. எப்படி ஆரம்பிப்பது, என்ன சொல்வது, கட்டையை எப்படிக் காட்டுவது என்றெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பையில் ஸ்பானரையும் எடுத்து வைத்தேன். அவர் கண் முன்னாலேயே போல்ட்டைக் கழற்றி, சீட்டைப் பின்னால் தள்ளிக் காட்டிவிட்டால் கோபத்தில் பாதி குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

காலையில் போனேன். மாமா சலவைச் சட்டை போட்டுத் தலைவாரிக்கொண்டு படிக்கட்டின் கீழே காத்திருந்தார். இரண்டு பேரும் ஷெட் பக்கம் திரும்பினோம். சின்னவர் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ ஒருவர் இருந்தார். கார் சங்கத்தில் ஒரு பல் டாக்டராம், வண்டி விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு விடிந்ததும் வந்துவிட்டாராம். வழுக்கைத் தலை, சுறுசுறுப்பான கண். உயரத்தில் மாமாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்.

"சார், அந்த சீட்டு விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று மாமா ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தார் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"சீட்டைப் பத்திதான் டாக்டரும் சொல்லிட்டிருக்காரு" என்றார் சின்னவர், சிரித்துக்கொண்டே.

டாக்டர் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். கால் கிளட்சை அழுத்தியது, பிரேக்குக்கு மாறியது, ஆக்சிலேட்டருக்கு மாறியது. கை ஸ்டியரிங்கை முழு வட்டம் சுற்றியது. ஒன்றும் எங்கும் இடிக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பழைய வண்டி தேடி அலைகிறேன், எதில் ஏறினாலும் எனக்குக் கால் எட்டாது, ஓட்டும்போது நுனியில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். "இது எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இந்த சீட்டுல மட்டும் தயவுசெஞ்சு யாரும் கை வெச்சுடாதீங்க." குஷன் புதுசா, அருமையாக இருக்கிறதே, யார் செய்தது என்றும் கேட்டார். சின்னவர் பெருமையாக என்னைக் காட்டினார். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

பேச்சு ஏற்கனவே முடிந்து, கை கொடுத்து, காகிதமும் எழுதி மடித்து டாக்டரின் சட்டைப்பையில் இருந்தது. டாக்டர் மாமாவைப் பார்த்து, இருபத்தேழு வருஷம் ஓட்டினவர் நீங்கள்தானா, இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் சொல்லுங்கள் என்றார்.

மாமா சொன்னார். குளிர்காலத்தில் வண்டி கிளம்புவதற்குச் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், இரண்டாவது கியர் போடும்போது ஒரு நொடி எதற்குப் பொறுக்க வேண்டும், இடது பின் கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும், மழையில் எந்த மூலையில் ஒழுகும், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஜன்னலில் குனிந்து நின்று சொன்னார். டாக்டர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த ஒன்றை மட்டும் மாமா சொல்லவில்லை. இனிமேல் அதைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? என் பையில் ஸ்பானர் கனத்தது.

டாக்டருக்கு டிரைவர் தேவையா என்று சின்னவரே எங்களுக்காகக் கேட்டுப் பார்த்தார். நல்ல மனுஷன். நானே ஓட்டுவதற்காகத்தானே வாங்குகிறேன் என்று டாக்டர் சிரித்தார்.

வண்டி புறப்பட்டது. வாசலில் டாக்டர் இரண்டாவது கியருக்கு ஒரு நொடி பொறுத்தார், சத்தமில்லாமல் விழுந்தது. சொன்ன மாதிரியே செய்கிறார் என்று மாமா முணுமுணுத்தார். திரும்பும்போது ஹாரன் ஒரு தடவை அடித்தது. சின்னவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார். ஷெட் காலியாகக் கிடந்தது, தரையில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும். நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டுக்கு அடியில் நின்றோம்.

மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு அங்கிருந்து என்னைத்தான் தெரியும், மாடிப்படி மறைப்பில் மாமா தெரிய மாட்டார். வண்டி வாசலைத் தாண்டுகிற சத்தம் கேட்டால் மாமா வெளியே போகிறார் என்றுதான் இருபத்தேழு வருஷமாக அவளுக்குப் பழக்கம்.

"என்னடா, சொல்லியாச்சா?" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "சின்னவரைக் கூட்டிட்டுத்தானே கிளம்பியிருக்காரு? எனக்குத் தெரியும், அவரு மன்னிச்சிடுவாருன்னு. மாமா சாப்பிட எப்ப வருவாராம்?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சட்டைக் காலரை ஒரு தடவை சரிபண்ணிக்கொண்டார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போனார்.